ஊட்டி மழை: துணி காயவில்லை, மாவு பொங்கவில்லை. வீட்டில் கிடக்கும் சாமானை வைத்து வழி உண்டா?

சாத்தூர்_மருமகள் (ஃபிங்கர்போஸ்ட், உதகை)
ஜூலை 8, இரவு 10.40

எல்லாருக்கும் வணக்கம். நான் சாத்தூர்க்காரி. எங்கள் ஊரில் துணியைக் கொடியில் போட்டுவிட்டு, உள்ளே வந்து ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டுத் திரும்பிப் போனால் துணி அப்பளமாக இருக்கும். வெயிலைத் திட்டியே முப்பது வருஷம் ஓட்டியவள். அந்தப் பாவம்தான் இப்போது பிடித்துக்கொண்டது.

கணவருக்கு மாற்றலாகி மே கடைசியில் இங்கே வந்தோம். பூ, குளிர், வர்க்கி என்று முதல் இரண்டு வாரம் நன்றாகத்தான் போனது. ஜூன் பாதியில் தூறல் பிடித்தது, இன்றுவரை விடவில்லை. கொட்டித் தீர்க்கவும் மாட்டேன் என்கிறது, வெளிவாங்கவும் மாட்டேன் என்கிறது. மேலே யாரோ உட்கார்ந்து நிதானமாக மாவு சலிக்கிற மாதிரி.

வீட்டில் பதினொரு மாதக் குழந்தை. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு ஜப்லா, பத்துத் துணி. போன செவ்வாய்க்கிழமை துவைத்தது இன்னும் ஜில்லென்று தொங்குகிறது, வாடை வேறு. இஸ்திரி போட்டுக் காயவைத்தேன். வாடை இன்னும் கூடியது. குக்கர் மூடி மேல் விரித்தேன். விசில் வந்து பருப்புத் தண்ணீர் தெறித்தது. கேஸ் அடுப்புக்கு மேலே கயிறு கட்டினேன். ஒரு ஜப்லாவின் கை கருகிப்போனது. அன்றைக்கு மாமியார் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது.

இட்லி மாவு இருபது மணி நேரமானாலும் அரைத்த மட்டத்திலேயே நிற்கிறது. உப்பு ஜாடியில் உப்பு இல்லை, உப்புத் தண்ணீர்தான் இருக்கிறது. தீப்பெட்டியில் ஆறு குச்சி உரசினால் ஒன்று பற்றுகிறது. தேங்காய் எண்ணெய் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்து நான் நிற்பதைப் பார்த்தால் தவம் செய்கிறேன் என்று நினைப்பீர்கள். கணவரின் ஆபீஸ் ஷூவில் பச்சையாகப் பூத்திருக்கிறது. என் கூறைச்சேலையின் மடிப்பில் வெள்ளைப் புள்ளி தெரிந்த அன்று அழுதேவிட்டேன். "இந்த ஊரில் ஒரு வாரம் அசையாமல் உட்கார்ந்தால் நம் மேலேயே பூத்துவிடும்" என்கிறார் மாமியார். மனிதர் கீல்வாதத்தோடு வந்தவர், அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

ரூம் ஹீட்டர் ஒன்று வாங்கினோம். கரண்ட் பில் வந்ததும் அதை அட்டைப்பெட்டிக்குள் திருப்பி வைத்துவிட்டோம். இனி புதுசாக எதுவும் வாங்குவதாக இல்லை. வீட்டில் இருப்பதை வைத்துத்தான் ஏதாவது செய்ய வேண்டும். இருப்பது இவ்வளவுதான்: சாத்தூரிலிருந்து கொண்டுவந்து இங்கே வேலையில்லாமல் நிற்கும் டேபிள் ஃபேன், காற்றில் முறிந்த குடை மூன்று (ஒரே மாதத்தில்!), வீட்டு ஓனர் பின்வராந்தாவில் விட்டுப்போன ஓடாத ஃப்ரிட்ஜ், சாமான் வந்த தெர்மாகோல் பெட்டி, வெந்நீர் பை, ஹாட் பேக், ஏகப்பட்ட பழைய வேட்டி. பக்கத்து வீட்டு அக்கா குமுட்டி அடுப்பும் கொஞ்சம் கரியும் தருகிறேன், ராத்திரி படுக்கையறையில் வைத்துக்கொள், அறையும் சூடாகும், துணியும் காயும் என்கிறார். வாங்கிக்கொள்ளலாமா?

மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் சொல்லுங்கள்.


லவ்டேல்_ரயில்
ஜூலை 8, இரவு 11.05

துணி காயவைக்கும் மெஷின் ஒன்று வாங்கிவிடுங்கள். பிரச்சினை தீர்ந்தது.


சாத்தூர்_மருமகள்
ஜூலை 8, இரவு 11.07

கேள்வியை இன்னொரு தடவை படிக்கிறீர்களா அண்ணா?


டீமேக்கர்_ஓய்வு (கோத்தகிரி)
ஜூலை 9, காலை 5.50

அம்மா, காலை டீ குடித்துக்கொண்டே உங்கள் கதையைப் படித்தேன். சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

நான் 31 வருஷம் தேயிலைத் தொழிற்சாலையில் இருந்தவன், கடைசியில் டீ மேக்கராக ஓய்வு பெற்றேன். டீ மேக்கர் என்றால் டீ போடுகிறவர் என்று கீழ்நாட்டில் நினைக்கிறார்கள். எங்கள் தொழில் தண்ணீரை விரட்டுவது. பச்சைத் தேயிலை நாலு கிலோவுக்கு மேல் போட்டால்தான் ஒரு கிலோ தூள் கிடைக்கும். மிச்சம் அத்தனையும் தண்ணீர். அதை எப்படி வெளியேற்றுவது என்பதில்தான் என் தலைமயிர் போனது.

முதலில் இலையை வாட்டுவோம். நீளத் தொட்டி, மேலே கம்பி வலை, அதன்மேல் இலையைப் பரப்பி அடியிலிருந்து ஃபேன் ஓடவிடுவோம். ராத்திரி முழுக்க ஓடும். சூடு அதிகம் கிடையாது, காற்றுதான் வேலை செய்யும். நீங்கள் சூட்டைத் தேடி அலைகிறீர்கள்; இஸ்திரி, குக்கர், கேஸ் அடுப்பு எல்லாம் சூடு. காற்றை மறந்துவிட்டீர்கள். வேலையில்லாமல் நிற்கிறது என்றீர்களே, அந்த டேபிள் ஃபேன்தான் உங்கள் வீட்டுக்கு இப்போது மூத்த பிள்ளை.

சரி, குடைக்கு வருவோம். மூன்றில் வளைந்த கைப்பிடி உள்ளதை எடுத்துக்கொள்ளுங்கள். மடக்குக் குடை வேண்டாம், முட்டி தாங்காது. துணியைத் தையல் பிரித்துக் கழற்றுங்கள், கிழிக்க வேண்டாம். அது மழை பட்டாலும் நனையாத துணி, குழந்தையின் பைக்கு மேலுறை ஆகும். இப்போது எட்டுக் கம்பியும் தண்டும் மட்டும் இருக்கும். ஒவ்வொரு கம்பியின் நுனியிலும் ஊசிக்காது போல ஒரு துளை இருக்கும், துணியைத் தைத்திருந்த இடம். அதில் ஒரு ஊக்கை மாட்டுங்கள். கம்பியெல்லாம் இரும்பு, அப்படியே துணியைப் போட்டால் துருக்கறை பிடிக்கும், பிறகு எந்த சோப்புக்கும் போகாது. அதனால் பழைய வேட்டியை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து, காயத்துக்குக் கட்டுப்போடுகிற மாதிரி அடியிலிருந்து நுனிவரை இறுக்கிச் சுற்றி, கடைசியில் ஒரு முடிச்சு. சைக்கிள் கடை பக்கத்தில் இருந்தால் வால்வு டியூப் இன்னும் நல்லது, கம்பியில் சட்டை மாதிரி ஏறிவிடும்.

அப்புறம் கைப்பிடியை விட்டத்து வளையத்தில் மாட்டி விரியுங்கள். குடை தலைகீழாக, பூ மலர்ந்த மாதிரி நிற்கும். நுனி ஊக்கில் ஒரு ஜப்லா, கம்பியின் நடுவில் ஒரு ஜப்லா. பதினாறு துணி ஒன்றோடொன்று ஒட்டாமல் தொங்கும். கொடியில் போட்டால் வரிசையாக ஒட்டிக்கொண்டு நிற்கும், நடுவில் காற்றுப் போகாது. தரையில் ஃபேனை வைத்து முகத்தைச் சாய்வாக மேலே தூக்கிவிடுங்கள். குடை மெதுவாகச் சுற்றும், எல்லாத் துணிக்கும் முறை வைத்துக் காற்றுக் கிடைக்கும்.

இதில் ஒரு விஷயம் தவறினால் எல்லாம் வீண். ஜன்னலை இரண்டு விரல்கடையாவது திறந்து வைக்க வேண்டும். அறையை இறுகச் சாத்திக்கொண்டால் துணியில் இருந்த தண்ணீர் எங்கே போகும்? சுவருக்குப் போகும். சுவரிலிருந்து பீரோவுக்கு, பீரோவிலிருந்து கூறைச்சேலைக்கு. ஹீட்டரைப் போட்டு ஜன்னலை மூடியிருப்பீர்கள், நான் சத்தியம் செய்வேன்.

காயப்போடும் முன் பிழிவதும் முக்கியம். வாஷிங் மெஷின் இருந்தால் கடைசிச் சுற்றில் ஒரு காய்ந்த டவலைத் துணியோடு போட்டுச் சுற்றவிடுங்கள். இல்லையென்றால் தடிமனான துண்டை விரித்து, மேலே ஜப்லாக்களை அடுக்கி, பாய் மாதிரி சுருட்டி, ஏறி மிதியுங்கள். துண்டு நனைந்துவிடும், ஜப்லா பாதி காய்ந்த மாதிரி வரும். இந்த வேலையைக் கணவரிடம் கொடுங்கள், எடை வேண்டும்.

ஓடாத ஃப்ரிட்ஜைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் தூக்கம் வராது. அது பெட்டி இல்லை அம்மா, பொக்கிஷம். உள்ளே ஒரு ஹோல்டரில் ஜீரோ வாட்ஸ் பல்ப் மாட்டுங்கள், பழைய காலத்துக் குண்டு பல்ப். எல்இடி வேண்டாம், வெளிச்சம்தான் தரும், சூடு தராது. ஜீரோ என்று பெயர் வைத்தார்களே தவிர, அது 12 முதல் 15 வாட்ஸ் இழுக்கும், அதில் பெரும்பகுதி சூடாகவே வெளியே வரும். நமக்கு அதுதானே வேண்டும். வயரைக் கதவு ரப்பர் இடுக்கு வழியாக வெளியே எடுங்கள். அந்த இடுக்கில் கொஞ்சம் ஈரமும் வெளியேறும். பல்ப் எதையும் தொடாமல் இருக்கட்டும். எங்கள் வீட்டில் அப்படி ஒரு ஃப்ரிட்ஜில்தான் உப்பு, தீப்பெட்டி, அப்பளம், பேரன் சான்றிதழ், என் காது மெஷின் எல்லாம் குடியிருக்கின்றன. உங்கள் வீட்டில் தவழும் குழந்தை இருப்பதால் கதவுக்கு வெளியே எட்டாத உயரத்தில் ஒரு கொக்கி கட்டாயம் போடுங்கள். குழந்தை உள்ளே புகுந்து கதவு சாத்திக்கொண்டால் ஆபத்து.

ஷூவுக்குத் தேயிலைச் சக்கை. ஆமாம், வடிகட்டித் தூக்கிப் போடுகிறீர்களே, அதுதான். தேயிலை வாசனையை இழுத்துக்கொள்ளும் சாதி. பெருங்காயம் கையில் பட்டவரைக்கூட தூள் சலிக்கும் அறைப் பக்கம் விடமாட்டோம். சக்கையை வாணலியில் ஈரம் போக வறுத்து, ஒற்றையாகிப் போன சாக்ஸில் போட்டு முடிந்து ஷூவுக்குள் வையுங்கள். வாரத்துக்கு ஒரு முறை மறுபடி வறுக்கலாம். பூஞ்சையை மட்டும் முதலில் வெளியே வைத்துத் துடைத்துவிடுங்கள்.

சேலைக்கு பாலிதீன் உறை போடாதீர்கள். ஈரத்தோடு மூடினால் உள்ளேயே புழுங்கும். என் அப்பா சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து மண்டபம் முகாம் வழியாக வந்தவர். கொண்டுவந்த சாமானில் ஒரு பழைய தேயிலைப் பெட்டியும் உண்டு. பலகைப் பெட்டி, உள்ளே முழுக்க அலுமினியத் தாள் ஒட்டியிருக்கும். தூளுக்கு ஈரம் ஏறக்கூடாது என்று கம்பெனிக்காரன் செய்தது. அம்மா தன் ஒரே பட்டுச்சேலையையும் எங்கள் கம்பளிகளையும் அதில்தான் வைத்திருந்தார். கடைசிவரை ஒரு புள்ளி விழவில்லை, ஆனால் கல்யாண வீட்டுக்குப் போனால் அம்மாவிடமிருந்து டீத்தூள் வாசனை வரும். அந்தப் பெட்டிக்கு இப்போது எங்கே போவீர்கள்? நன்றாகக் காய்ந்த பருத்தி வேட்டியில் சுற்றி, வெயில் எட்டிப் பார்க்கிற நாளில் நிழலில் ஒரு மணி நேரம் விரித்து, மடிப்பை மாற்றி மடித்து வையுங்கள்.


பூம்பாறை_பூண்டு (கொடைக்கானல்)
ஜூலை 9, மதியம் 1.15

அக்கா, துணிக்கு ஐயா சொன்னதே போதும். இட்லிக்கு மட்டும் நான் சொல்கிறேன். எனக்கும் வாக்கப்பட்ட ஊர்தான் இது, பிறந்தது ஒட்டன்சத்திரம். முதல் வருஷம் கல்லு மாதிரி இட்லி சுட்டு மாமனாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள்.

தெர்மாகோல் பெட்டிதான் உங்களுக்கு அடுப்பு. உளுந்தையும் அரிசியையும் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரையுங்கள், ஐஸ் மாதிரி வரும் குழாய்த் தண்ணீரை ஊற்றினால் மாவு அன்றைக்கு எழாது. ஒரு ஸ்பூன் வெந்தயம் ஊறப்போடுங்கள். கையால் நன்றாகக் கலக்குங்கள், கரண்டி வேண்டாம். பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள். பெட்டிக்குள் மாவுப் பாத்திரம், பக்கத்தில் வெந்நீர் பையைத் துண்டில் சுற்றி வைத்து மூடி, மேலே கம்பளி. படுக்கப்போகும் முன் ஒரு தடவை வெந்நீரை மாற்றினால் காலையில் பொங்கியிருக்கும். அடியில் ஒரு தட்டு வையுங்கள். ஏன் என்று பிறகு தெரியும்.

தேங்காய் எண்ணெயை ஹார்லிக்ஸ் பாட்டில் மாதிரி வாயகன்ற பாட்டிலுக்கு மாற்றிவிட்டால் ஸ்பூனால் நோண்டி எடுத்துக்கொள்ளலாம். இதற்கு ஏன் இவ்வளவு நாள் தவம் இருந்தீர்கள் என்று தெரியவில்லை.

எங்கள் ஊரில் எதையும் காயவைக்க அடுப்புக்கு மேலே உள்ள பரண்தான். மலைப்பூண்டைக் கொத்தாகக் கட்டிப் புகையில் தொங்கவிடுவார்கள், மாதக்கணக்கில் கெடாது. 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு, சும்மா இல்லை. ஆனால் ஜப்லாவை அங்கே தொங்கவிடாதீர்கள். என் மகன் ஒரு வருஷம் முழுக்கக் கருவாடு மாதிரி மணந்தான்.


அருவங்காடு_வாத்தியார்
ஜூலை 9, இரவு 8.30

முதலில் குமுட்டி அடுப்பு. வேண்டவே வேண்டாம். மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். நிறமில்லை, வாடை இல்லை, இருமல்கூட வராது. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் குளிருக்குக் கரி மூட்டிவிட்டுப் படுத்தவர்கள் காலையில் எழவில்லை என்ற செய்தியை எத்தனை தடவை படித்திருக்கிறோம். சின்னக் குழந்தை உள்ள வீடு. பக்கத்து வீட்டு அக்காவுக்கும் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

அடுத்து, டீமேக்கர் ஐயாவோடு ஒரு சின்னச் சண்டை. மேகமே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கும் நாளில் வெறும் காற்று துணியைக் காயவைக்காது. காற்றே தண்ணீர் குடித்து வயிறு நிறைந்து நிற்கிறது, துணியிடமிருந்து எப்படி வாங்கும்? அதே காற்றைக் கொஞ்சமாகச் சூடாக்கினால் கதை மாறும். 14 டிகிரியில் ஈரப்பதம் 100 சதவீதமாக இருக்கும் காற்றை 20 டிகிரிக்குக் கொண்டுவந்தால் ஈரப்பதம் 68 சதவீதமாக இறங்கிவிடும். ஆறே டிகிரிதான். இதற்கு ஹீட்டர் தேவையில்லை. உங்கள் வீட்டில் சூடு ஏற்கெனவே எங்கெங்கே வீணாகிறது என்று கையை வைத்துப் பாருங்கள். ஓடுகிற ஃப்ரிட்ஜின் பின்பக்கம், இன்வெர்ட்டர், செட்டாப் பாக்ஸ், சமைத்து முடித்த சமையலறை. குடையை அந்தப் பக்கமாகத் தொங்கவிடுங்கள், ஃபேன் அந்தச் சூட்டைத் தள்ளிக்கொண்டு வரட்டும். செட்டாப் பாக்ஸ் மேல் துணியைப் போட்டு மூடிவிட வேண்டாம், பெட்டி கெட்டுவிடும். தீப்பெட்டியைப் பக்கத்தில் வைக்கலாம்.

உப்பு கரைவதும் இதே கணக்குதான். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஜாடியில் ஒரு கைப்பிடி அரிசி போட்டால் கொஞ்ச நாள் சமாளிக்கும். பல்ப் போட்ட ஃப்ரிட்ஜில் வைத்தால் அரிசியே வேண்டாம்.

மாவுப் பாத்திரத்தை ரைஸ் குக்கரில் வைத்து 'வார்ம்' போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். கூடாது. அந்தச் சூட்டில் மாவைப் புளிக்கவைக்கும் கிருமிகள் செத்துவிடும், அவற்றுக்கு 30 டிகிரி பக்கம் இருந்தால் சுகம். இன்னொன்று, ஊட்டி 2,240 மீட்டர் உயரம். தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். இட்லியை சாத்தூர்க் கணக்கில் இறக்கினால் நடுவில் வேகாது. மூன்று நிமிஷம் கூட விடுங்கள்.


டீமேக்கர்_ஓய்வு
ஜூலை 9, இரவு 9.10

வாத்தியார் சொல்வது சரி. மழை நாளில் நாங்களும் டிரையர் பக்கத்துச் சூடான காற்றைக் கொஞ்சம் கலந்துதான் விடுவோம். வயசாகிறது, சொல்ல மறந்துவிட்டேன். ஆனால் ஜன்னல் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.


கேத்தி_கேரட்
ஜூலை 10, காலை 7.20

குடையோடு நிறுத்திவிடாதீர்கள், பழைய சேலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் தோட்டத்தைச் சுற்றி வீட்டுப் பெண்களின் பழைய சேலை அத்தனையும் வேலியாக நிற்கிறது. காட்டுப்பன்றி கலர் துணி அசைவதைப் பார்த்தால் கொஞ்சம் தயங்கும். காட்டெருமை தயங்காது, அது சேலையையும் இழுத்துக்கொண்டு போய்விடும்.

டிசம்பரில் உறைபனி வரும்போது இதே சேலைதான் செடிக்குப் போர்வை. தாவரவியல் பூங்காவில் கோத்தகிரி மிலார் செடியை வெட்டிவந்து மூடுவார்கள். நமக்கு அது எங்கே கிடைக்கும்? நாலு குச்சி நட்டு, இலையில் படாமல் சேலையைப் பந்தல் மாதிரி சாயங்காலமே போட்டுவிட்டு, வெயில் ஏறியதும் எடுத்துவிடுங்கள். மேகமில்லாத, காற்றில்லாத ராத்திரியில்தான் பனி கடிக்கும். நாற்காலியை வெளியே போட்டு நட்சத்திரம் பார்க்கலாம் போல இருக்கிற ராத்திரி என்றால் உடனே சேலையை எடுங்கள்.

துண்டில் சுருட்டி மிதிப்பதற்கு என் ஓட்டும் உண்டு. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அப்போது எங்கள் பக்கமும் கரண்ட் போய்விட்டது. ஃபேனாவது மெஷினாவது! வீட்டில் எல்லாரும் துண்டின் மேல் ஏறி மிதித்துக்கொண்டே இருந்தோம், குளிருக்கும் நன்றாக இருந்தது.


சாத்தூர்_மருமகள்
ஜூலை 18, இரவு 9.55

எல்லாருக்கும் நன்றி. ஒன்பது நாள் கழித்து வருகிறேன், சொல்ல நிறைய இருக்கிறது.

குமுட்டி அடுப்பை வாங்கவில்லை. அந்த அக்காவிடமும் சொன்னேன். "இருபது வருஷமா வைக்கிறோம்" என்று முதலில் முறைத்தார். மறுநாள் ராத்திரி அவர் வீட்டு ஜன்னல் திறந்திருந்தது, அடுப்பு வராந்தாவில் இருந்தது.

இட்லி. பூம்பாறைத் தங்கச்சி, அடியில் தட்டு வைக்கச் சொன்னாய். நான் சாப்பாட்டுத் தட்டு வைத்தேன். காலையில் கம்பளியைத் தூக்கினால் மாவு மூடியைத் தள்ளிவிட்டு, பாத்திரத்தில் வழிந்து, தட்டில் வழிந்து, வெந்நீர் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடக்கிறது. ஒன்றரை மாதம் அசையாத மாவு! கோபமே வரவில்லை. மாமியாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டே நின்றோம். வழிந்தது போக இருபத்திரண்டு இட்லி வந்தது. இப்போது அடியில் தாம்பாளம் வைக்கிறேன்.

குடை. டீமேக்கர் ஐயா சொன்னபடியே வேட்டியைக் கிழித்துச் சுற்றினேன். ஐந்து கம்பி வரை பொறுமை இருந்தது, மிச்சம் மூன்றை ஏனோதானோவென்று சுற்றினேன். சரியாக அந்த மூன்று கம்பியில் போட்ட துணியில்தான் துருக்கறை. பிரித்து மறுபடி சுற்றினேன். ஓடுகிற ஃப்ரிட்ஜ் பின்னால் இருக்கும் சமையலறை மூலையில் தொங்கவிட்டு, ஃபேனை இரண்டில் வைத்து, ஜன்னலை இரண்டு விரல் (மாமியார் அளவில் ஒரு விரல்) திறந்து வைத்தேன். சாயங்காலம் ஆறு மணிக்குப் போட்ட ஜப்லா காலையில் காய்ந்திருந்தது. மடிக்கும்போது கையில் ஜில்லிப்பு இல்லை. ஜீன்ஸ் மட்டும் இரண்டு ராத்திரி எடுத்துக்கொள்கிறது. அது குடையில் ஏறினால் குடையே ஒரு பக்கம் சாய்கிறது, அதனால் நாற்காலி முதுகில் போட்டுவிடுகிறேன்.

ஃப்ரிட்ஜ். ஜீரோ வாட்ஸ் பல்ப் கடையில் கேட்டால் எல்இடியைத் தூக்கித் தருகிறார்கள். மூன்றாவது கடையில் பழைய இருப்பில் சிவப்பு நிறத்தில் ஒன்று கிடைத்தது. வாங்க மாட்டேன் என்ற சபதத்தில் அது மட்டும் விதிவிலக்கு. உப்பு இப்போது உப்பாக இருக்கிறது. தீக்குச்சி முதல் உரசலிலேயே பற்றுகிறது, பழக்கமில்லாமல் பயந்து கீழே போட்டுவிட்டேன். கதவைத் திறந்தால் உள்ளே சிவப்பு வெளிச்சத்தில் அப்பளமும் கூறைச்சேலையும் ஏதோ கோயில் கருவறை மாதிரி இருக்கிறது. கொக்கியும் போட்டாயிற்று.

தேயிலைச் சக்கைதான் சிக்கல். வறுத்து ஆறட்டும் என்று மேடையில் ஒரு கிண்ணத்தில் வைத்துவிட்டுக் குழந்தையைக் குளிப்பாட்டப் போனேன். மாமியார் புதுத் தூள் என்று நினைத்து அதிலேயே டீ போட்டுவிட்டார். மாமனாரும் குடித்துவிட்டு, "ஊட்டி டீ, ஊட்டி டீன்னாங்க, இவ்வளவுதானா" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. இந்த இழையை அவர் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். இரண்டாவது முறை வறுத்தது ஒழுங்காக ஷூவுக்குப் போய்ச் சேர்ந்தது, வாடை குறைந்திருக்கிறது.

நீங்கள் யாரும் சொல்லாத ஒன்றும் நடந்தது. குடை ஃபேன் காற்றில் மெதுவாகச் சுற்றுகிறதா, எட்டுக் கம்பியிலும் மஞ்சள், பச்சை, நீலம் என்று ஜப்லா ஆடுகிறதா, குழந்தை அதன் கீழே பாயில் படுத்துக்கொண்டு கண் கொட்டாமல் பார்க்கிறான். பத்து நிமிஷத்தில் தூங்கிவிடுகிறான். சாத்தூரில் தொட்டிலை ஆட்டி ஆட்டிக் கை ஓய்ந்துபோனவள் நான். இப்போது துணி இல்லாத நேரத்திலும் நாலு கலர்த் துணியைச் சும்மா தொங்கவிடுகிறோம்.

மாமியாருக்குப் படுக்கையறையிலும் ஒன்று வேண்டுமாம், தன் வெந்நீர்த் துண்டும் கம்பளிச் சாக்ஸும் காய. மிச்சமிருந்த முறிந்த குடை இரண்டும் மடக்குக் குடை, ஆகாது. வளைந்த கைப்பிடிக் குடை வீட்டில் கணவருடையது ஒன்றுதான், போன மாதம் வாங்கிய புதுசு. அத்தை அதை நேற்றிலிருந்து விரித்து விரித்துக் கம்பியை எண்ணிக்கொண்டிருக்கிறார். இன்று சாயங்காலம் கணவர் குடையை ஆபீஸிலேயே பூட்டி வைத்துவிட்டு, நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தார்.